தாத்தாவின் பெட்டியில் மூன்று சாணைக்கற்கள்

கேள்வி இதுதான்: பொன்மலை ரயில்வே பணிமனையில் தச்சராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தாவின் கருவிப் பெட்டியில் மூன்று கற்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று, மூடியுள்ள மரப்பெட்டிக்குள் இறுக்கமாகப் பதிந்து, எண்ணெய் ஏறிக் கறுத்துப்போனது. இரண்டாவது, சவரக்கத்தியோடு துணியில் சுற்றி வைத்திருந்த குறுகலான கல். மேல்பாதி மங்கலான மஞ்சள், கீழ்ப்பாதி கருப்பு. மூன்றாவது, செம்பழுப்பு நிறக் கல். கிழிந்த அட்டைப்பெட்டியில் ‘இந்தியா’ என்று அச்சடித்திருக்கிறது. இவை என்ன கற்கள், இயற்கையானவையா, சமையலறைக் கத்தியை இவற்றில் தீட்டலாமா, விற்றால் விலை போகுமா?

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். அது மனிதர் செய்த கல். ‘இந்தியா’ என்பது வெறும் வணிகப் பெயர். செய்தது அமெரிக்காவின் நார்ட்டன் நிறுவனம். பாக்சைட்டை மின்உலையில் உருக்கி எடுத்த அலுமினியம் ஆக்சைடு மணிகளைச் சேர்த்துச் சுட்டு, துளைகளில் எண்ணெய் ஏற்றி விற்றார்கள். பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்து நம் ஊர்ச் சரக்கு என்று மகிழ்ந்த பலரை எனக்குத் தெரியும். ஒரு கணக்கில் பார்த்தால் அந்த மகிழ்ச்சியில் தப்பில்லை. இதே அலுமினியம் ஆக்சைடு பூமிக்குள் தானாக விளைந்தால் அதற்குப் பெயர் குருந்தம். ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என்கிறார்களே, அந்தச் சொல்லே இங்கிருந்து போனதுதான். தர்மபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியிலும் காங்கேயம் அருகே சிவன்மலையிலும் கிடைக்கும் குருந்தம் நிலவியல்காரர்களுக்கு நன்கு தெரிந்த சரக்கு. 1767 வாக்கில் சென்னையில் இருந்த ஆண்டர்சன் என்ற மருத்துவர் எடின்பரோவில் கல்லில் சித்திரம் வெட்டும் ஒருவருக்கு ஒரு பெட்டி நிறைய இந்தக் கல்லை அனுப்பி, வைரம் தவிர மற்ற மணிகளையெல்லாம் இந்த ஊர்க்காரர்கள் இதைக் கொண்டுதான் பட்டை தீட்டுகிறார்கள் என்று தெரிவித்தார். கனிமங்களைச் சேகரித்துவந்த சார்ல்ஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் 1798இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில் இது பதிவாகியிருக்கிறது. குருந்தப் பொடியை அரக்கில் குழைத்து வட்டமாக வார்த்த சாணைச் சக்கரம்தான் நம் பட்டறைகளின் பழைய சாணை. கையில் வைத்துத் தீட்டும் பட்டைக்கல்லாகக் குருந்தம் இங்கே புழங்கியது குறைவு. அதனால்தான் உங்கள் தாத்தாவைப் போன்ற தச்சர்களின் பெட்டியில் கடல் கடந்து வந்த கல் இருக்கிறது.

‘இந்தியா’ கல் உளிக்கு அருமையான கல். செயற்கை என்பதால் அதை ஓரமாக வைத்துவிட வேண்டாம். மூன்றில் நீங்கள் அதிகம் எடுக்கப்போவது அதுவாகவே இருக்கலாம்.

இனி முதல் கல். நீங்கள் அனுப்பிய படத்தை மட்டும் வைத்து அதன் பெயரைச் சொல்ல என்னால் முடியாது. சொல்கிறேன் என்று வருபவரையும் நம்பாதீர்கள். ஐம்பது வருடம் எண்ணெயும் இரும்புத் தூளும் குடித்த கல் எல்லாம் கருப்புத்தான். நான் ஆரம்பத்தில் பழைய இரும்புக் கடை ஒன்றில் கருங்கல் போல் மின்னிய ஒரு கல்லைப் பேரம் பேசி வாங்கினேன். கருப்பு ஆர்கன்சா என்ற அரிதான அமெரிக்க இயற்கைக் கல் என்று மூன்று நாள் தூக்கம் வரவில்லை. மண்ணெண்ணெயில் ஊறிய நான்காம் நாள் அது சாம்பல் நிறக் கார்போரண்டமாகப் பல்லிளித்தது. கார்போரண்டம் என்பது சிலிக்கன் கார்பைடு. எட்வர்ட் ஆச்சிசன் என்ற அமெரிக்கர் 1891இல் கண்டுபிடித்த செயற்கைப் பொருள் அது. சென்னையில் 1954இல் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் தொடங்கிய பிறகு நம் ஊரில் அந்தக் கல் இல்லாத பட்டறையே அரிது. எனவே பழைய கருப்புக் கல் ஒன்று கைக்கு வந்தால், கார்போரண்டமாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு தொடங்குங்கள். அப்படி இல்லை என்று தெரிந்தால் அப்போது மகிழ்ந்துகொள்ளலாம்.

முதலில் கழுவ வேண்டும். கல் மரப்பெட்டியை விட்டு வரவில்லை என்றால் திருப்புளியை விட்டு நெம்பாதீர்கள், மூலை உடைந்துவிடும். அந்தக் காலத் தச்சர்கள் சில சமயம் இரண்டு சொட்டு வஜ்ஜிரப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். பெரும்பாலும் காய்ந்த எண்ணெய்ப் பிசினே கல்லைப் பிடித்து வைத்திருக்கும். இடுக்கில் மண்ணெண்ணெயை விட்டு ஓர் இரவு வையுங்கள். மடித்த சாக்கின் மேல் பெட்டியைக் கவிழ்த்து உள்ளங்கையால் தட்டினால் கல் தானே விழும். பிறகு மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் மண்ணெண்ணெயில் மூழ்க வைத்து, அடுப்பு இல்லாத இடத்தில் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். எண்ணெய் கறுத்ததும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். எடுத்தபின் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவமும் பழைய பல் பிரஷும் வெதுவெதுப்பான நீரும் போதும். செய்தித்தாளில் சுற்றி ஓர் இரவு வையுங்கள். காலையில் தாளில் எண்ணெய்க் கறை விழுந்திருந்தால் உள்ளே இன்னும் இருக்கிறது, மறுபடியும் ஊறட்டும். சீக்கிரம் முடியட்டும் என்று கொதிநீரில் போடுகிறவர்கள் உண்டு. அந்தச் சூட்டில் நல்ல கல்லும் விரிசல் விடும்.

இரண்டாவது கல்லுக்கு, அதாவது மஞ்சள் கருப்புக் கல்லுக்கு, இந்த வைத்தியம் கூடவே கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கழுவிக் காய்ந்த முதல் கல்லை வெயில் வெளிச்சத்தில் வைத்து நீர் தெளித்துப் பாருங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. ஒரே அளவான மணிகள் சர்க்கரை போல் மின்னினால் அது செயற்கைக் கல். நீளப் பக்கத்தில் நேர்க்கோடு போட்டதுபோல் பாதி நறநற, பாதி வழவழ என்று இருந்தாலும் அப்படித்தான். கல்லின் உடம்பிலேயே எழுத்து அச்சாக அழுந்தியிருந்தால் சந்தேகமே வேண்டாம்: குழைத்து வார்த்த பொருளில்தான் எழுத்தை அழுத்த முடியும். இயற்கைக் கல்லில் பெயர் இருந்தால் அது ஒட்டிய காகிதமாகவோ மை முத்திரையாகவோ இருக்கும்.

மணி தெரியவில்லை, பால் வெள்ளை அல்லது சாம்பல் கலந்த வெள்ளை, அங்கங்கே துரு நிறக் கோடு அல்லது இளஞ்சிவப்பு என்று இருந்தால் ஆவலோடு அடுத்த சோதனைக்குப் போகலாம். கல்லின் பக்கவாட்டில் ஆணி முனையால் ஒரு கீறு கீறுங்கள். பலகைக்கல் (ஸ்லேட்) வகையாக இருந்தால் வெளிர் நிறத்தில் கோடு விழும், விரலில் பொடி ஒட்டும். சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) வகையில் கல் கீறாது. ஆணிதான் தேய்ந்து, பென்சிலால் எழுதியது போல் சாம்பல் நிற இரும்புக் கோடு ஒன்றை விட்டுச்செல்லும். உடைந்த மூலை ஏதாவது இருந்தால் அதையும் கவனியுங்கள்: சிலிக்கா கல் கண்ணாடியைப் போல் வளைந்த சில்லாகப் பெயர்ந்திருக்கும், பலகைக்கல் ஏடு ஏடாகப் பிரிந்திருக்கும்.

அடுத்தது எடை. பலர் இதைச் செய்வதில்லை, ஆனால் எல்லாச் சோதனையிலும் பொய் சொல்லாதது இதுதான். ஐந்து கிலோ வரை காட்டும் சமையலறை மின்தராசு போதும். காய்ந்த கல்லை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். உயரமான பிளாஸ்டிக் ஜாடியில் நீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல், முழுதும் மூழ்கும்படி கையில் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம் எண்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். கல் 480 கிராம், தொங்கவிட்டபோது 210 என்றால் 2.29. துளையுள்ள கல் நீரைக் குடிக்கத் தொடங்கும் என்பதால் எண்ணைச் சட்டென்று பார்த்துவிட வேண்டும். கன்னம் உப்பிய பையன் போல் கல் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால் அதுவே ஒரு செய்தி: துளை நிறைய இருக்கிறது.

ஆணிக் கோடு சாம்பல் நிறத்தில் விழுந்து, அடர்த்தி 2.2க்கும் 2.4க்கும் இடையே வந்தால், மரப்பெட்டியில் பதிந்திருந்ததையும் சேர்த்துப் பார்க்கும்போது, அது வாஷிட்டா என்ற இயற்கைக் கல்லாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2.5க்கு மேலே ஏறி 2.65ஐ நெருங்கினால் கடின ஆர்கன்சா என்ற கல். 2.65 என்பது துளையே இல்லாத குவார்ட்ஸின், அதாவது சிலிக்காப் படிகத்தின், அடர்த்தி. கல் அதை நெருங்க நெருங்க உள்ளே இடைவெளி குறைவு, தீட்டும்போது மென்மை அதிகம். அத்தகைய கல்லை இருட்டில் கைவிளக்கின் மேல் வைத்தால் ஓரங்கள் தேன் நிறத்தில் ஒளிரும். பின்னால் விரலை அசைத்தால் நிழல் அசைவதுகூடத் தெரியும்.

இரண்டும் ஒரே மலையின் பிள்ளைகள். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரைச் சுற்றியுள்ள வாஷிட்டா மலைகளில் கிடைக்கும் நோவாகுலைட் என்ற பாறை. கண்ணுக்குத் தெரியாத குவார்ட்ஸ் படிகங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகியது. 99 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. படிக இடுக்குகளில் துளை மிகுந்தால் வாஷிட்டா, துளை அற்றுப்போனால் கடினக் கல். நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தின் பைக் நிறுவனம் இந்த வாஷிட்டாவைத் தரம் பிரித்து, ‘லில்லி ஒயிட்’, ‘ரோஸி ரெட்’ என்று பெயர் ஒட்டி உலகமெங்கும் அனுப்பியது. 1932இல் அது நார்ட்டன் கைக்குப் போனது. உங்கள் பெட்டியில் ‘இந்தியா’வும் வாஷிட்டாவும் அடுத்தடுத்து இருப்பதில் வியப்பில்லை, கடைக்காரர் ஒரே பட்டியலிலிருந்து இரண்டையும் தருவித்திருக்கலாம். அந்தக் காகிதம் கல்லின் அடியில் ஒட்டியபடி இருந்தால் தயவுசெய்து சுரண்டாதீர்கள். அப்படியிருந்தால் கழுவும்போதுகூட அந்தப் பக்கத்தை நனைக்காமல் மேல்பக்கத்தை மட்டும் மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

நோவாகுலைட்டைப் புரிந்துகொள்ளாமல் அதைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். “வெட்டவே இல்லை, கண்ணாடி மேல் தேய்ப்பது போல் வழுக்குகிறது” என்பார்கள். செயற்கைக் கல்லில் மழுங்கிய மணி உதிர்ந்து புது மணி மேலே வரும். இதில் எதுவும் உதிராது. அதே படிகங்கள்தான் கடைசிவரை வேலை செய்யும். எனவே கல் எப்படி வெட்டும் என்பது அதன் மேல்தோல் இருக்கும் நிலையைப் பொறுத்தது. மேல்தோலைச் சற்றுச் சொரசொரப்பாக்கினால் உளி வாயின் சிறு உடைப்பைக்கூட எடுத்துவிடும். பல மாதம் தேய்ந்து மெருகேறினால் சவரக்கத்திக்கு முடிவு வேலை செய்யும். ஒரே கல் இரண்டு கல்லாக நடந்துகொள்ளும். இத்தனை எண் ‘கிரிட்’ (மணியின் நுண்மையைக் குறிக்கும் எண்) என்று இயற்கைக் கல்லுக்கு எண் சொல்லி விற்பவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லாததற்கு இதுதான் காரணம்.

நடுவில் குழி விழுந்திருக்கிறதா என்று இரும்பு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். தச்சர் கல்லில் விழாமல் இருக்காது. சமையலறைக் கத்திக்கு அந்தக் குழி ஒன்றும் செய்யாது, அப்படியே விடலாம். உளிக்கும் இழைப்புளித் தகட்டுக்கும் மட்டம் வேண்டும், ஏனென்றால் அவற்றின் முதுகு தட்டையாக உட்கார வேண்டும். வீட்டுத் தரைக்குப் போட்டு மிஞ்சிய கிரானைட் துண்டு ஒன்றை எடுங்கள். அதன் மேல் கார்போரண்டம் பொடியும் நீரும் போட்டு, கல்லில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடிழுத்து, எட்டுப் போடுவது போல் தேயுங்கள். கோடு எல்லா இடத்திலும் அழிந்தால் மட்டம் வந்துவிட்டது. நோவாகுலைட் என்றால் தோள் வலிக்கும், ஒரு சாயங்காலம் போதாது. உப்புத்தாளை நம்பாதீர்கள், கிழியும். வாட்டர் பேப்பர் கொஞ்ச நேரம் தாங்கும். எதுவானாலும் ஈரமாகவே தேய்க்க வேண்டும். காய்ந்த சிலிக்காத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சாணைப் பட்டறைகளில் எத்தனையோ பேரை முடக்கிய சிலிக்கோசிஸ் நோய் அப்படித்தான் வருகிறது. தேய்த்த சேற்றையும் காயவிடாமல் நீரூற்றிக் கழுவிவிடுங்கள்.

எண்ணெயா நீரா என்று கேட்பீர்கள். எண்ணெயின் வேலை வெட்டுவது அல்ல. தேய்ந்துவரும் இரும்புத் தூளைத் துளைக்குள் இறங்கவிடாமல் மிதக்கவைப்பது. தையல் மெஷின் எண்ணெய் மிகப் பொருத்தம், அது கெட்டியானால் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் கலக்கலாம். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டவே வேண்டாம். வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் எல்லோரும் அதைத்தான் ஊற்றுகிறார்கள். சில மாதத்தில் பிசினாகிக் கல்லின் வாயை அடைத்துவிடும். நீங்கள் இப்போது மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கரைப்பதும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். எண்ணெய் முழுதும் போய்விட்ட கல்லானால் சோப்பு நீரிலும் நன்றாக வேலை செய்யும். நான் அப்படித்தான் செய்கிறேன், கை கழுவுவது எளிது.

கத்தி தீட்டும் முறை தெரிந்ததுதான், ஒரே ஒரு இடத்தில் மட்டும் நின்று பார்ப்போம். கத்தியின் முதுகை இரண்டு மூன்று நாணயம் அடுக்கிய உயரத்துக்குத் தூக்கி, ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே வாருங்கள். மறுபக்கத்தில் விரல் நுனியை முதுகிலிருந்து வாயை நோக்கி, குறுக்காக, மெல்ல இழுத்துப் பார்த்தால் ஒரு கட்டத்தில் விரலில் ஏதோ தட்டும். அதுதான் பிசிறு. அடி முதல் நுனி வரை அது தட்டும் வரை மறுபக்கத்துக்குத் திருப்பாதீர்கள். பத்துப் பேரில் எட்டுப் பேரின் கத்தி கூராகாததற்குக் காரணம் கல் அல்ல. பிசிறு வருமுன் திருப்பிவிடுவதுதான். மறுபக்கத்திலும் அதேபோல் வந்தபின், அழுத்தத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் கத்தியின் எடை மட்டும் கல்லில் இருக்கும்படி இழுங்கள். வாஷிட்டாவின் தனித்தன்மை அங்கேதான் தெரியும்: அழுத்தினால் அரம் போல் எடுக்கும், விட்டால் மெருகு போடும். பிசிறு தானாக மெலிந்து உதிரும்.

அரிவாள்மனைக்கு இதைத் திருப்பிச் செய்ய வேண்டும். அலகு அசையாது, கல்தான் அசைய வேண்டும். பெரிய கல்லைத் தூக்கி அலகில் தேய்த்தால் கையைக் கிழித்துக்கொள்வீர்கள். உடைந்த கல்லின் சிறு துண்டு ஒன்று இருந்தால் அதை ஈரமாக்கி, அலகின் வளைவோடு, வாயிலிருந்து விரலை விலக்கிவைத்துத் தேயுங்கள். தாத்தாவின் பெட்டி அடியில் அப்படிச் சில்லு ஏதாவது கிடந்தால் குப்பை என்று எறிந்துவிட வேண்டாம்.

எல்லா எஃகையும் இந்தக் கற்கள் ஏற்காது. பழைய உளி, அரிவாள்மனை, சவரக்கத்தி போன்ற கார்பன் எஃகு வெண்ணெய் போல் இறங்கும். கடையில் வாங்கும் சாதாரண எவர்சில்வர் கத்தி கொஞ்சம் அடம்பிடித்தாலும் வழிக்கு வரும். இப்போது விலை உயர்ந்த கத்திகளில் வரும் வனேடியம் கலந்த எஃகை இதில் போட்டு மல்லுக்கட்டாதீர்கள். அதற்குள் இருக்கும் வனேடியம் கார்பைடு துகள்கள் குவார்ட்ஸை விட இரண்டு மடங்குக்கு மேல் கடினம். கல்தான் மெருகேறும், கத்தி அப்படியே இருக்கும். அதற்கு வைரத் தகடுதான் வழி.

இப்போது சவரக்கத்தியோடு இருந்த மஞ்சள் கருப்புக் கல். நான் நினைப்பது சரியென்றால் மூன்றில் அருமையானது இதுதான். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வீல்சாம் ஊரைச் சுற்றி, நிலத்துக்குள் செங்குத்தாக நிற்கும் மெல்லிய மஞ்சள் ஏடுகளாகக் கிடைக்கும் கோட்டிக்யூல். பல ஏடுகள் சில சென்டிமீட்டர் கனம்கூட இருக்காது, அதனால் உடையாமல் இருக்கக் கீழே கருமையான பலகைக்கல்லை ஒட்டி விற்றார்கள். சில கற்களில் கீழ்ப்பாதியும் இயற்கையாகவே கூடப்பிறந்ததாக, கருநீலமோ கத்தரிப்பூ நிறமோ கலந்து இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியும்: ஒட்டியது என்றால் இரண்டுக்கும் நடுவே ரம்பத்தால் அறுத்தது போன்ற நேர்க்கோடும் அதில் பசையின் மெல்லிய இழையும் இருக்கும், கூடப்பிறந்தது என்றால் கோடு அலையலையாகப் போகும், ஒரு நிறம் மற்றதற்குள் கசிந்திருக்கும்.

மண்ணெண்ணெயில் போடாதீர்கள் என்றது அந்தப் பசைக்காகத்தான். நான் ஒரு கோட்டிக்யூலைச் சோப்புப் போட்ட சுடுநீரில் ஊறவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது மஞ்சள் தனியாக, கருப்பு தனியாக மிதக்காத குறையாகக் கிடந்தன. ஒட்டிவிட்டேன் என்றாலும் அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கே வெட்கம். குளிர்ந்த நீர், சிறிது சோப்பு, பிரஷ், அவ்வளவே போதும்.

மஞ்சள் பகுதிக்குள் வெட்டும் வேலையைச் செய்வது ஸ்பெஸ்ஸர்டைன் என்ற கார்னெட் மணிகள். நவரத்தினத்தில் வரும் கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான். தூள் போன்ற மணிகள், பல முகம் கொண்டு உருண்டையை ஒத்திருப்பதால் எஃகில் ஆழமான கீறல் போடாமல் ஆழமற்ற பள்ளமாக வழித்தெடுக்கும். அதனால்தான் வேகமும் மென்மையும் ஒரே கல்லில் அமைகின்றன. கார்னெட் கனமானது என்பதால் இந்தக் கல் கையிலேயே எடை கூடித் தெரியும்.

இதைப் பயன்படுத்தும் முறை நம்மவர்களுக்குப் புதிதல்ல. சந்தனம் இழைப்பதுதான். அதே கல்லின் சிறு துண்டு ஒன்று துணிக்குள் இருக்கிறதா பாருங்கள், கூடவே விற்பது வழக்கம். கல்லில் சில துளி நீர் விட்டு அந்தத் துண்டால் வட்டமாக இழைத்தால் பால் போன்ற குழம்பு வரும். அந்தக் குழம்பில் தீட்டும்போது கல் வேகமாக எடுக்கும், குழம்பும் சாம்பல் நிறமாக மாறும். அது எஃகு. பிறகு விரல் நுனியால் ஒரு துளி, இன்னொரு துளி என்று நீர் சேர்த்துக் குழம்பை இளக்கிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் வெறும் நீரில் இழுக்கும்போது கல்லும் கத்தியும் ஒட்டிக்கொள்வது போல் ஓர் இழுவை கையில் தெரியும். சவரக்கத்தியின் முதுகும் வாயும் இரண்டும் எப்போதும் கல்லில் படிந்திருக்க வேண்டும், முதுகைத் தூக்கவே கூடாது. கோணத்தைக் கத்தி செய்தவரே முதுகின் கனத்தில் வைத்துவிட்டார். முடிந்ததும் தோல்வாரில் ஐம்பது இழுப்பு. இந்தக் கல்லுக்கு எண்ணெய் தேவையில்லை. முதலாம் நூற்றாண்டு ரோமானியரான பிளினி சாணைக்கற்களை எண்ணெய்க்கல், நீர்க்கல் என்று பிரித்ததோடு நிற்காமல், நாவிதர் கடையில் எச்சில் தொட்டுத் தீட்டும் கல்லைத் தனி வகையாகவே எழுதிவைத்தார். உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மஞ்சள் இல்லை, அழுக்குப் போனதும் பச்சை கலந்த சாம்பலோ கருநீலமோ தெரிகிறது என்றால் வேறு திசையில் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் துரிங்கியாவில், சோன்னபெர்க் பகுதியிலிருந்து எஷர் என்ற நிறுவனத்தின் பெயரில் வந்த நாவிதர் கல்லாக இருக்கலாம். ஒரே சீரான வண்ணம், மென்மையான பலகைக்கல், கீறினால் வெளிறிய கோடு, முனையில் நிறத்தின் பெயர் அச்சடித்த காகிதம். சாம்பலில் புள்ளி புள்ளியாக இருந்தால் ஸ்காட்லாந்தின் ஏர் பகுதிக் கல், பச்சையில் துருச் சிவப்புத் திட்டுகள் இருந்தால் இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டுக் கல் என்று சந்தேகிக்கலாம். பக்கங்களில் அரக்குப் பூச்சும் சீன எழுத்து முத்திரையும் இருந்தால் அது கியோட்டோ மலைக் கல்லாக இருக்கக்கூடும். ஏடு பிரியாமல் இருக்கத்தான் அந்தப் பூச்சு, அதை உரிக்க வேண்டாம். பலகைக்கல் வகை எதையும் நாள்கணக்கில் நீரில் ஊறப்போடாதீர்கள்.

விலை பற்றி. காகிதம் ஒட்டிய, மூலை உடையாத கோட்டிக்யூலுக்கும் எஷருக்கும் சேகரிப்பாளர்களிடம் நல்ல மதிப்பு உண்டு. வாஷிட்டாவுக்கும் இப்போது கேட்பவர்கள் இருக்கிறார்கள். காகிதம் இல்லாத கல்லுக்கு எந்தப் பெயரைச் சொன்னாலும் அது ஊகம்தான், நான் மேலே சொன்னதும் சேர்த்து. விற்பதாக இருந்தால் பெயரை விட்டுவிட்டு, அளவு, எடை, அடர்த்தி, கழுவிய பின் ஈரமாக எடுத்த படம் ஆகியவற்றைக் கொடுங்கள். விவரம் தெரிந்தவருக்கு அது போதும், தெரியாதவரை ஏமாற்றிய பாவமும் உங்களுக்கு வராது. என்னைக் கேட்டால் வாஷிட்டாவை விற்க மாட்டேன்.

ஒன்று மறந்துவிட்டேன். மரப்பெட்டியைத் துடைக்கும்போது அடிப்பக்கத்தை விரலால் தடவாமல் முதலில் கண்ணால் பாருங்கள். இரண்டு மூலையில் ஆணி முனை அரிசி அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், துருப்பிடித்த ஆணி என்று பிடுங்கிவிடாதீர்கள். தீட்டும்போது பெட்டி நழுவாமல் பட்டறைப் பலகையைக் கவ்விக்கொள்வதற்காக அடித்தது அது.